திரிபலா விளையும் காடும் அதை அறிந்த வேடரும்

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் ஆகிய மூன்றையும் கொட்டை நீக்கி உலர்த்தி, சம அளவில் இடித்துச் சேர்த்த தூளே திரிபலா எனப்படும். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் அடிப்படை மருந்தான இது, கிழக்கிலங்கையின் கல்முனை, சம்மாந்துறை மக்கள் நன்கறிந்த யூனானி மருத்துவத்தில் 'இத்ரீபல்' என வழங்குகிறது. திரிபலா என்னும் சொல்லே பாரசீக, அரபு நாவுகளில் திரிந்து அப்பெயராயிற்று. இம்மூன்று மரங்களும் ஒருங்கே வளரும் காடு வெகுதொலைவில் இல்லை. சம்மாந்துறை வயல்களுக்கு நீர் தரும் கல்லோயா ஆறு அக்காட்டின் ஊடாகவே இறங்கி வருகிறது.

இங்கினியாகலைக்கு மேற்கே பிபிலை நோக்கி விரியும் நில்கல நிலப்பரப்பு, உயர்ந்த புல்லுக்கிடையே மரங்கள் இடைவிட்டு நிற்கும் புல்வெளிக்காடாகும். வறட்சிக் காலத்தில் புல் தீப்பற்றினாலும், தடித்த பட்டை காரணமாகக் கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை ஆகியவை பிழைத்துக்கொள்வதால் அவையே அங்கு மிகுந்துள்ளன. கி.பி. நான்காம் நூற்றாண்டில் ஆண்ட, மருத்துவம் கற்ற மன்னனாகிய புத்ததாசன் அங்கு மூலிகைத் தோட்டம் வைத்திருந்தான் என்பது மரபுவழிச் செய்தி.

அக்காட்டைத் தலைமுறைகளாக அறிந்தோர், ரத்துகல, பொல்லேபெத்த முதலிய ஊர்களில் இன்று வாழும் இலங்கைப் பழங்குடியினரான வேடர் ஆவர். 1911இல் வெளிவந்த நூலில் மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர், இறந்த முன்னோரின் ஆவிகளான 'நே யக்கு'களை அழைத்து ஆடும் வேடரின் சடங்குகளை விரிவாகப் பதிவு செய்தனர். நோய் தீர்த்தலும் முன்னோர் வழிபாடும் பிரியாத அந்த மரபில், செடியை அறிதல் என்பது காட்டில் வாழ்தலின் ஒரு பகுதியே. மருந்துடன் கலந்து உட்கொள்ளும் துணைப்பொருளைச் சித்த மருத்துவர் அனுபானம் என்பர். அதில் முதன்மையான தேனை மலைப்பாறைகளில் எடுப்பதில் வேடர் தேர்ந்தவர். தவளம் எனப்படும் பொதிமாட்டு வரிசையில் உப்பும் துணியும் கொண்டு உள்நாடு சென்ற முஸ்லிம் வணிகர், காட்டையும் கரையையும் நெடுங்காலம் இணைத்தனர்.

இம்மரபறிவின் சில பகுதிகளை இன்றைய வேதியியலும் விளக்குகிறது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணம் அதில் மிகுந்துள்ள தனின் என்னும் பொருள். சிங்களத்தில் 'இங்கினி' எனப்படும் தேற்றாமரத்தின் கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீர் ஊற்றினால், கலங்கலில் உள்ள நுண்துகள்கள் ஒன்றுசேர்ந்து அடியில் படிகின்றன. எனினும் மூலிகை எல்லாம் தீங்கற்றது என்பது ஆபத்தான எண்ணம்: கார்த்திகைப்பூக் கிழங்கிலுள்ள கொல்கிசினும் எட்டிக்கொட்டையிலுள்ள ஸ்டிரிக்னினும் உயிர்கொல்லும் நஞ்சுகள். பாம்பு கடித்தவரையும் மூலிகையை நம்பி வைத்திருக்காமல் உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் கரையோர வயல்களை வளமாக்கியது. அதே திட்டத்தில் உருவான சேனாநாயக்க சமுத்திரம் வேடர் நடமாடிய பள்ளத்தாக்கை மூழ்கடித்தது. நீரேந்து பகுதியைக் காக்க 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவும், 1983இல் வடக்கே மாதுறு ஓயா தேசியப் பூங்காவும் அறிவிக்கப்பட்டன. காடு காக்கப்பட வேண்டியதே; ஆனால் அதனால் உள்ளே செல்லும் உரிமையை இழந்த வேடர் சமூகத்தில், எந்த மரத்தை எப்பருவத்தில் நாடுவது என்பதைப் பிள்ளைக்குக் காட்டித்தரும் வழியும் அடைபடுகிறது.

மாற்றுவழி உண்டு என்பதற்குக் கேரளம் சான்று. அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடியினர், களைப்புப் போக்கும் 'ஆரோக்கியப் பச்சை'யை 1987இல் ஆய்வாளருக்குக் காட்டினர். அதிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்தின் உரிமம் 1995இல் 10 இலட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் வழங்கப்பட்டபோது, அவ்வருவாயில் பாதி காணிகளுக்கென ஒதுக்கப்பட்டு, 1997இல் அதற்கென அறக்கட்டளையும் அமைந்தது. நடைமுறையில் குறைகள் இருந்தபோதிலும், அறிவுக்கு உரியவர் அறிவித்தவரே என்ற நெறி அங்கு ஏற்கப்பட்டது.

அந்நெறி இங்கும் வேண்டும். வேடரின் தாவர அறிவை அவர்களின் சம்மதத்துடன் பதிவு செய்வதும், கட்டுப்பாட்டுடன் காய் கனி சேகரிக்க அனுமதிப்பதும், அதன் பயனில் பங்கு தருவதும் அரசின் கடமை. அக்காட்டு ஆற்றின் நீரில் நெல் விளைவிக்கும் கரையோர மக்கள் இக்கோரிக்கைக்குத் துணைநிற்க வேண்டும்.