மூளையைத் தேடியவர்கள் – 6: வழக்கு மன்றம் போன வரைபடம்

வலிப்பு நோயாளியின் கட்டைவிரலில் தொடங்கும் துடிப்பு, கையில் ஏறி முகத்துக்குப் பரவுவதை ஹியூலிங்ஸ் ஜாக்சன் வருடக்கணக்கில் உட்கார்ந்து கவனித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். மூளையின் மேற்பரப்பில் கைக்கு ஓர் இடம், முகத்துக்கு ஓர் இடம் என்று பக்கம் பக்கமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். அன்றைய பாடம் வேறு மாதிரி இருந்தது. மேற்பரப்பு சிந்தனைக்கானது, கைகால் அசைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றுதான் பெரும்பாலான பேராசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஜாக்சன் சொன்னது சரியா என்று சோதித்துப் பார்க்கப் புறப்பட்டவர் டேவிட் ஃபெரியர். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பக்கத்துக்காரர், 1843-ல் பிறந்தவர். வேக்ஃபீல்டில் இருந்த மனநோய் மருத்துவமனையின் தலைவர் கிரைட்டன்-பிரவுன், அங்கேயே ஓர் ஆய்வுக்கூடத்தையும் நடத்திவந்தார். 1873-ல் அவர் ஃபெரியரை அழைத்து இடமும் விலங்குகளும் கொடுத்தார்.

மயக்க மருந்து கொடுத்த விலங்கின் மண்டையோட்டைத் திறந்து, மூளையின் மேற்பரப்பை மின்முனைகளால் தொடுவது ஃபெரியரின் முறை. எவ்வளவு மின்சாரம்? அதற்கு அவர் வைத்திருந்த அளவுகோல் மனித நாக்கு. மின்முனைகளை நாக்கின் நுனியில் வைத்தால் சுரீரென்று இருக்க வேண்டும், ஆனால் பொறுத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். அந்த அளவு மின்சாரத்தையே மூளைக்குக் கொடுத்தார். குரங்கின் மூளையில் ஓர் இடத்தைத் தொட்டால் எதிர்ப்பக்கத்து விரல்கள் மடங்கின. கொஞ்சம் தள்ளித் தொட்டால் வாயோரம் இழுத்தது. ஜாக்சன் கட்டிலருகே நின்று ஊகித்தது ஆய்வுக்கூடத்தில் கண்ணெதிரே நடந்தது.

முதலில் இதைச் செய்தவர் ஃபெரியர் இல்லை. பெர்லினில் ஃப்ரிட்ஷும் ஹிட்ஸிக்கும் 1870-லேயே நாய்களின் மூளையை மின்சாரத்தால் தூண்டிக் கால்களை அசைத்துக் காட்டியிருந்தார்கள். அவர்களுக்குரிய மரியாதையை ஃபெரியர் தரவில்லை என்று, அவருடைய கட்டுரையைப் பரிசீலித்த ராயல் சொசைட்டி அறிஞர்களே குறைசொன்னார்கள். நியாயமான குறைதான். ஆனால் குரங்கு வரையில் போய், அதில் கிடைத்த இடங்களை மனித மூளையின் படத்தின்மேல் துணிந்து குறித்தவர் ஃபெரியர். 1876-ல் வந்த அவருடைய ‘மூளையின் செயல்பாடுகள்’ நூலில் அந்த வரைபடம் இருக்கிறது. பார்வைக்கு அவர் காட்டிய இடம் தவறு என்று பிற்பாடு தெரிந்தது. அசைவுக்கான பகுதி நிலைத்துவிட்டது.

1881 ஆகஸ்ட்டில் லண்டனில் சர்வதேச மருத்துவ மாநாடு. ஸ்ட்ராஸ்பர்கிலிருந்து வந்த ஃப்ரீட்ரிஷ் கோல்ட்ஸ், மூளையின் மேற்பரப்பில் பெரும்பகுதியை வெட்டியெடுத்த ஒரு நாயைக் கொண்டுவந்திருந்தார். அந்த நாய் நடந்தது, ஓடியது. இன்ன வேலைக்கு இன்ன இடம் என்பதெல்லாம் பொய் என்று அடித்துச் சொன்னார். ஃபெரியர் இரண்டு குரங்குகளைக் காட்டினார். மூளையின் இடப்பக்க அசைவுப் பகுதியை மாதக்கணக்கில் முன்பே இழந்திருந்த குரங்கு, வலது கையும் காலும் விளங்காமல் நொண்டிக்கொண்டு வந்தது. பக்கவாதம் வந்த மனிதரின் அதே நடை. பார்த்துக்கொண்டிருந்த பாரிஸ் மருத்துவர் ஷார்கோ, “இது ஒரு நோயாளி!” என்றார். இரண்டாவது குரங்குக்குக் கேட்கும் பகுதி நீக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வெடிச்சத்தம் எழுப்பியபோது முதல் குரங்கு திடுக்கிட்டது. இரண்டாவது அசையவே இல்லை.

விவாதம் பேச்சோடு நிற்கவில்லை. நாயையும் குரங்கையும் கொன்று, மூளைகளை நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தார்கள். குரங்கின் மூளையில் சேதம் ஃபெரியர் சொன்ன இடத்திலேயே இருந்தது. நாயின் மூளையிலோ, கோல்ட்ஸ் நினைத்திருந்ததைவிட அதிகப் பகுதி மிஞ்சியிருந்தது.

இந்த வெற்றிதான் ஃபெரியரை வழக்கு மன்றத்துக்கும் இழுத்தது. உயிருள்ள விலங்குகளை ஆய்வு செய்ய உரிமம் வேண்டும் என்று 1876-லேயே சட்டம் வந்திருந்தது. விலங்குகளுக்காகப் போராடிய ஃபிரான்சஸ் பவர் காப்பின் சங்கம், உரிமமில்லாமல் ஃபெரியர் குரங்குகளை அறுத்தார் என்று வழக்குப் போட்டது. நவம்பரில் போ ஸ்ட்ரீட் மன்றத்தில் விசாரணை நடந்தது. கத்தியைப் பிடித்தவர் சக பேராசிரியர் ஜெரால்ட் யோ என்றும், அவரிடம் உரிமம் இருந்தது என்றும் தெரியவந்ததும் வழக்கு தள்ளுபடியானது. சட்டப்படி ஃபெரியர் ஜெயித்தார். அதற்காகக் காப் எழுப்பிய கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அந்தக் குரங்குகள் மாதக்கணக்கில் ஊனத்தோடு வாழ்ந்தன. அவை பட்ட பாட்டை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையில்லை என்றே நான் நினைக்கிறேன்.

வரைபடம் மனிதனுக்குப் பயன்படுமா? 1884 நவம்பர் 25 அன்று அதற்கும் விடை வந்தது. இடது முகத்தில் வலிப்பும், பின்னர் இடது கையில் முடக்கமும் வந்த 25 வயது இளைஞர் ஒருவர் லண்டனில் சிகிச்சைக்கு வந்திருந்தார். எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. தலைக்கு வெளியே வீக்கமோ தழும்போ கிடையாது. 1879-ல் கிளாஸ்கோவில் மெக்கீவன் ஒரு கட்டியை எடுத்தபோது கண்ணுக்கு மேலே வீக்கம் வழிகாட்டியது. இங்கே அதுவும் இல்லை. அறிகுறிகளை மட்டும் வைத்து மருத்துவர் ஹியூஸ் பென்னட் வலது மூளையில் இடம் குறித்தார். அறுவை மருத்துவர் ரிக்மன் காட்லீ அங்கே திறந்தார். ஃபெரியரும் ஜாக்சனும் உடன் இருந்தார்கள். முதலில் கட்டி தெரியவில்லை. மேற்பரப்பைச் சற்றுக் கீறியதும், அடியில் அக்ரூட் பருப்பு அளவில் கட்டி இருந்தது.

வலிப்பு நின்றது. ஆனால் காயத்தில் கிருமித்தொற்று ஏறி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் அந்த இளைஞர் இறந்துபோனார். வரைபடம் தவறவில்லை, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்புதான் அன்று அவ்வளவு தேர்ச்சி பெற்றிருக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் விக்டர் ஹார்ஸ்லி போன்றவர்கள் இதே வழியில் மூளை அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து செய்தார்கள்.

கோல்ட்ஸ் கொண்டுவந்த நாயின் மூளையை ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜ் இளைஞர் சார்லஸ் ஷெரிங்டன். 1906-ல் தன் புகழ்பெற்ற நூலை அவர் ஃபெரியருக்கே காணிக்கையாக்கினார். 1932-ல் நோபல் பரிசு பெற்ற அந்த ஷெரிங்டனை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)