ஒரே மூச்சில் எவ்வளவு?

"குடிப்பீர்களா? வாரத்துக்கு எத்தனை முறை?" தேசியக் குடும்ப நல ஆய்வின் மதுக் கேள்விகள் பெரும்பாலும் இந்த அளவில் நின்றுவிடுகின்றன. 2019-21 சுற்றில் 15 வயதைத் தாண்டிய ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 19 பேர் குடிப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் கல்யாண வீட்டு மாடியில் கட்டிங்கோடு எழுந்து போனவர் யார், மட்டையாகிச் சரிந்தவர் யார் என்பது அந்தக் கணக்கில் வராது. இருவருமே 'எப்போதாவது குடிப்பவர்'தான்!

குவார்ட்டர் கணக்கு

கடையில் விற்கும் 180 மில்லி பிராந்தி குவார்ட்டரில் தூய ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். அமெரிக்காவில் 14 கிராமை ஒரு 'டிரிங்க்' என்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆண் ஐந்து, பெண் நான்கு டிரிங்க் குடித்தால் அங்கே அது மிகைக்குடி. நம் குவார்ட்டர் ஒன்றே நான்கைத் தாண்டிவிடுகிறது. ஆஃப் பாட்டில் ஒன்பதைத் தொடுகிறது.

ஐந்து குடித்தவரையும் பதினைந்து குடித்தவரையும் ஒரே பட்டியலில் போடுவது தவறு என்று அங்குள்ள ஆய்வாளர்களுக்குப் புரியவே வெகுகாலம் ஆனது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் 2005 முதல் தனியாகக் கேட்டார்கள். 2011 வரையிலான பதில்களில், முந்தைய இரண்டு வாரத்துக்குள் ஒரே அமர்வில் ஐந்தோ அதற்கு மேலோ குடித்தவர்கள் நூற்றுக்கு 20 பேர். அவர்களில் பாதிப்பேர் பத்தைத் தொட்டிருந்தார்கள். மிகைக்குடி அளவைப் போல இருமடங்கு குடிப்பவர், அந்த அளவை எட்டாதவரைவிட 70 மடங்கு அதிகமாக மதுவின் காரணமாக அவசர சிகிச்சைக்கு வருகிறார் என்று இன்னொரு ஆய்வு காட்டியது.

ஆய்வுக்கூடம் கைவிரிக்கும் இடம்

ஒருவருக்குப் பதினைந்து டிரிங்க் ஊற்றிக் கொடுத்துச் சோதிக்க எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது. மிச்சமிருப்பது அவசரப் பிரிவுப் பதிவுகள், பிரேதப் பரிசோதனை, குடித்தவரின் வாய்ச்சொல். ஆனால், அளவு மீறினால் மூளையின் நினைவுப் பதிவே நின்றுவிடும். நடப்பார், பேசுவார், விடிந்தால் எதுவும் ஞாபகம் இருக்காது. அவரிடம் போய் எத்தனை என்று கேட்டு என்ன பயன்? நம் ஊரில் ஆய்வு செய்வோர் டிரிங்க் கணக்கை விட்டுவிட்டு, எத்தனை குவார்ட்டர், எத்தனை பேர் பங்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டாலே பாதி தெளிவு கிடைக்கும்.

மட்டையானால்

குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் உள்ளது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய ஒரு டிரிங்க் அளவைத்தான் கரைக்கும். மோரோ எலுமிச்சையோ தலையில் ஊற்றும் தண்ணீரோ அதை விரட்டாது. தட்டினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலம் பூக்கிறது என்றால் 'தூங்கட்டும்' என்று விட்டுப் போகாதீர்கள். வாந்தி மூச்சுக்குழலில் இறங்காதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு ஆரம்பித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.