அடம்பங்கொடியில் அழகிய வகைகளைத் தேர்ந்தெடுத்தல்

கடலோரப் பஞ்சாயத்துகள் தம் பூங்காவையும் பள்ளி வளாகத்தையும் அழகு செய்ய முற்படும்போது, வெளியூரிலிருந்து புல்லை வரவழைத்து, அதற்கு நாள்தோறும் நன்னீர் இறைத்து வருவதைக் காண்கிறோம். உப்புக்காற்றும் வெறுமணலும் அப்புல்லுக்கு ஒவ்வா. அதே மணலில் கேட்பாரற்றுப் படர்ந்து கிடக்கும் அடம்பங்கொடியையோ அங்கத்தினர் பலர் பொருட்படுத்துவதில்லை.

சங்க நூல்கள் அடும்பு என்று கூறுவது இக்கொடியையே. இதன் பிளவுபட்ட இலையில் பண்டைப் புலவர் மானின் அடியைக் கண்டனர். தாவர நூலாரோ ஆட்டின் அடி எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டனர். ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். கொடி கணுதோறும் வேரூன்றி மணலைப் பிணிக்கும்.

கூர்ந்து நோக்குவோர்க்கு எல்லாக் கொடிகளும் ஒன்றுபோல் இல்லை என்பது புலனாகும். ஒன்றில் இலைப்பிளவு ஆழமாயிருக்கும். மற்றொன்றில் நுனியில் சிறு வெட்டே காணப்படும். பூவின் நிறம் அடர்ந்தும் வெளிறியும் இருக்கும். வெண்பூ அரிதாகக் கிட்டும். இந்துமாக்கடல் ஓரத்தில் காணும் ஆழ்ந்த பிளவுடைய இனத்தைப் பிற வெப்பநாட்டுக் கரைகளில் உள்ளதினின்று வேறான துணையினமாகவே ஆராய்ச்சியாளர் கொள்கின்றனர்.

ஆயினும் கண்டவுடன் நல்ல வகை என்று முடிவு கட்டுதல் கூடாது. அலையோரக் கொடியின் இலை சிறுத்துத் தடித்திருப்பது உப்பின் விளைவாகவும் இருக்கலாம். தோட்டத்து மண்ணில் வைத்தால் அச்சிறப்பு மறைந்துவிடும். ஆகவே வெவ்வேறு இடத்துக் கொடிகளின் துண்டுகளை ஒரே பாத்தியில், ஒரே அளவு நீரிட்டு, ஓராண்டு வளர்த்துப் பார்க்கவேண்டும். அப்போதும் நீங்காத வேறுபாடே பிறவிக்குணம். நெல்லில் பொறுக்குவிதை எடுத்துப் பழகிய விவசாயிகளுக்கு இது புதிதன்று.

தேர்ந்த வகையைக் கணுத்துண்டுகளால் மட்டுமே பெருக்குதல் வேண்டும். அடம்பு தன் மகரந்தத்தால் விதை கட்டுவதில்லை. வேறொரு செடியின் மகரந்தத்தைத் தேனீ கொணர்ந்தால்தான் காய் பிடிக்கும். எனவே விதையிலிருந்து எழும் கன்று தாயை ஒத்திருக்குமென எதிர்பார்க்க இயலாது. பூங்காவுக்கு ஒரே கொடியின் துண்டுகள் போதும். மணல்மேட்டைச் சீர்செய்ய அவ்வாறு நடுவது தவறு. அங்கே காய் பிடிக்காது, புதுக்கன்றும் எழாது. அதற்குப் பல கொடிகளின் துண்டுகளைக் கலந்தே நடவேண்டும்.

வண்டி வண்டியாகக் கொடியை மணல்மேட்டிலிருந்து அறுத்துவரும் எண்ணத்தை அறவே விடுக. 2019ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய இடங்களில் சேர்த்துள்ளது. கொடி போனால் மேடு காற்றில் கரையும். பின்னால் உள்ள வயல்களில் மணல் ஏறும். ஒரு கொடிக்கு ஓரிரு துண்டுகள் எடுத்துப் பஞ்சாயத்து நாற்றங்காலில் பெருக்கினாலே போதும். கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது, மூன்று நான்கு கணுக்களுள்ள துண்டில் இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு வெயில்படும் இடத்தில் நடலாம். நிழலில் பூ குறையும்.