ஒரே புரோகிராம், மூன்று கணக்கு!

ஒரே புரோகிராமை விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். அது பிடிக்கும் நினைவகம் ஒன்றில் ஓர் அளவு. இன்னொன்றில் வேறு அளவு! எது சரி?

மூன்றும் சரிதான். அளக்கும் படிதான் வேறு!

பொதுக் கிணறு

பல புரோகிராம்கள் சில பகுதிகளைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன, கூட்டுக் குடும்பத்துக் கிணறு மாதிரி. விண்டோஸின் "டாஸ்க் மேனேஜர்" பொதுச் சொத்தை விட்டுவிட்டுத் தனிச் சொத்தை மட்டும் காட்டும். லினக்ஸில் "பி.எஸ்." என்ற கட்டளை தரும் கணக்கில் பொதுச் சொத்தும் சேரும். பத்துப் பேர் இறைக்கும் ஒரே கிணறு, பத்துக் கிணறாகிவிடும்!

மடித்து வைத்த துணி

மேக் 2013-ல் ஒரு தந்திரம் செய்தது. உடனே தேவைப்படாத விவரங்களைச் சுருக்கி நினைவகத்திலேயே வைத்தது. துணியை மடித்துப் பெட்டியில் அடுக்குவது போலத்தான். 2015-ல் வந்த விண்டோஸ் 10-லும் இந்த வழி புகுந்தது.

காலி இல்லையே!

லினக்ஸில் "ப்ரீ" என்று கட்டளை கொடுத்தால், காலி இடம் சொற்பமாகத் தெரியும். பயம் வேண்டாம். வட்டிலிருந்து படித்ததை, சும்மா கிடக்கும் இடத்தில் அது வைத்திருக்கிறது. புரோகிராம் கேட்டால் இடத்தை ஒழித்துக் கொடுத்துவிடும். "அவைலபிள்" என்ற பத்தியைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே, எண் பெரிதாக இருக்கிறதே என்று பணத்தோடு கடைக்கு ஓடாதீர்கள். இடம் போதாமல், நினைவகத்துக்கும் வட்டுக்கும் ஓயாமல் போக்குவரத்து நடந்து, கம்ப்யூட்டர் தள்ளாடுகிறதா? அப்போது வாங்கலாம்!