பார்க்க வேண்டிய படம் தானாக முன்னால் வராது

வீட்டுத் திரை – 12

ஓடிடி சேவைகளில் பழைய கலைப்படங்கள் இருக்கின்றன. ஆனால், அவை தாமாகக் கண்ணில் படுவதில்லை. செயலியைத் திறந்ததும் தெரியும் முதல் வரிசை புதிய வெளியீடுகளுக்கு உரியது. அடுத்தது, அந்த வாரம் அதிகம் பேர் பார்த்தவை. அதற்கும் கீழே, ஏற்கெனவே பார்த்த படங்களின் சாயலில் உள்ளவை. ஜான் ஆபிரகாமின் ‘அக்ரகாரத்தில் கழுதை’க்கோ பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்துக்கோ இந்த மூன்று வரிசைகளிலும் இடம் கிடைப்பது அரிது. அவற்றைத் தேடித்தான் போக வேண்டும். பார்த்த ஒருவர் இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டும்.

இதற்குக் காரணம் பரிந்துரைக் கணக்கு இயங்கும் விதம். ஒரே மாதிரியான படங்களைப் பார்த்த இரண்டு பேரில், ஒருவர் பார்த்து மற்றவர் பார்க்காத படத்தை அந்த மற்றவருக்குக் காட்டுவதே அதன் அடிப்படை. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்துவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2006-ல் அறிவித்து, 2009-ல் அதை வழங்கவும் செய்தது. கணக்கு எவ்வளவு நுட்பமானாலும் அதற்குத் தீனி பார்வையாளர் விட்டுச்செல்லும் தடயங்கள்தான். சிலர் மட்டுமே பார்த்த படத்துக்குத் தடயம் குறைவு. தடயம் குறைந்த படத்தைக் கணக்கு காட்டுவதில்லை. காட்டாததால் பார்ப்பவர்கள் இன்னும் குறைகிறார்கள். இந்தச் சுழலிலிருந்து ஒரு படத்தை வெளியே எடுக்க மனிதர்களால்தான் முடியும்.

சங்கங்கள் செய்த வேலை

அந்த வேலையை முன்பு திரைப்படச் சங்கங்கள் செய்தன. சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களுடன் சேர்ந்து 1947-ல் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1959-ல் ராயின் தலைமையில் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. 1964-ல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. தூதரகங்களிலிருந்தும் காப்பகத்திலிருந்தும் படப்பெட்டியை வரவழைத்து, ஊர் ஊராகச் சுற்றுக்கு விட்டார்கள். திரையிடலுக்கு முன்பு ஒரு சிறு அறிமுகம், முடிந்த பிறகு ஒரு கலந்துரையாடல். எந்தப் படத்தை முதலில் காட்டுவது, எதைப் பிறகு காட்டுவது என்று தீர்மானிக்க ஆள் இருந்தார்கள்.

மதுரையில் திரையரங்குகளுக்குக் குறைவே இருந்ததில்லை. 1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் திரையரங்கு, 2,500-க்கும் அதிகமான இருக்கைகளோடு ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்டது. ஆனாலும், உலகப் படங்களுக்கு இங்கே நிலையான திரை அமையவில்லை. 1980-களில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகலில் ஒளிபரப்பிய விருதுப் படங்கள்தான் பலருக்கும் வங்க, கன்னட, மலையாளக் கலைப்படங்களோடு நேர்ந்த முதல் அறிமுகம். ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதனின் ‘மறுபக்கம்’ அமைப்பு 1998-ல் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழா இன்னொரு வாசலைத் திறந்தது. கதைப்படங்களைப் பெரிய திரையில் பார்க்க நினைத்தவர்கள் மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி சென்னை விழாவுக்கோ, ரயிலைப் பிடித்துத் திருவனந்தபுரம் விழாவுக்கோ போனார்கள்.

போக முடியாதவர்களுக்கு எழுத்து துணை நின்றது. ஒளிப்பதிவாளர் செழியன் ஆனந்த விகடனில் எழுதிய ‘உலக சினிமா’ தொடர், படங்களைக் கண்ணால் பார்க்காத வாசகர்களிடமும் அவற்றின் மீது ஆசையை வளர்த்தது. அன்று படத்தைப் பற்றிய எழுத்து கைக்கு வந்தது, படம் வரவில்லை. இன்று மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட வண்டியூரில், கண்மாய்க் கரையை ஒட்டிய ஒரு வீட்டுக் கூடத்திலேயே இத்தாலியப் படத்தைப் பார்த்துவிடலாம். படம் வந்துவிட்டது, வழிகாட்டும் குரல்தான் குறைந்துவிட்டது.

எங்கே இருக்கின்றன

2007-ல் எஃபே சகாரெல் தொடங்கிய ‘முபி’, கலைப்படங்களுக்கென்றே நடத்தப்படும் சேவை. இந்தியாவுக்கான தனி வரிசையோடு 2019 நவம்பரில் வந்தது. அப்போது அதன் முறை எளிமையானது: நாளுக்கு ஒரு படம், ஒவ்வொரு படமும் 30 நாள். தேர்ந்தெடுத்தவர்கள் மனிதர்கள். கேரள அரசின் ‘சிஸ்பேஸ்’ 2024 மார்ச்சில் தொடங்கியது. பார்க்கிற படத்துக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். அதே ஆண்டு நவம்பரில் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ சேவையைத் தொடங்கியது. யூடியூப்பில் உரிமையாளர்களே பதிவேற்றிய பழைய தமிழ்ப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

உரிமம் நாட்டுக்கு நாடு மாறும். 2019-ல் தொடங்கிய ‘கிரைட்டீரியன் சேனல்’ அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டுமே இயங்குகிறது. டொராண்டோவில் இருக்கும் உறவினர் பார்க்கச் சொன்ன படம் மதுரையில் கிடைக்காமல் போவது இதனால்தான். உரிமத்துக்குக் கால வரம்பும் உண்டு. இந்த மாதம் இருக்கும் படம் அடுத்த மாதம் காணாமல் போகலாம். ஆகவே ‘பிறகு பார்க்கலாம்’ என்று சேர்த்துவைக்கும் பட்டியலை நீளவிடாமல் பார்த்து முடிப்பது நல்லது.

தேடும் முறை

படத்தின் பெயரை வைத்துத் தேடினால் பல நேரம் வேறு படம் வரும். ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று தேடினால் கமல்ஹாசன் நடித்த 2009-ம் ஆண்டுப் படம்தான் முன்னால் நிற்கும். ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே இயக்கி, 1964-ம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் மூன்றாவது சிறந்த படமாகத் தேர்வான ‘உன்னைப்போல் ஒருவன்’ அதற்குப் பின்னால் மறைந்துவிடும். அமுதனின் அமைப்புக்கும் அதே பெயர் என்பதால், ‘மறுபக்கம்’ என்று தேடும்போதும் கவனம் தேவை. தேட வேண்டியது கே.எஸ். சேதுமாதவன் இயக்கிய படம். இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ கதையிலிருந்து உருவாகி, இந்திய அளவில் சிறந்த படத்துக்கான தேசிய விருதை வென்ற முதல் தமிழ்ப் படம். பெயரோடு இயக்குநரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடினால் குழப்பம் தீரும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வொரு சேவையும் ஒவ்வொரு மாதிரி எழுதுவதால், இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

கிடைத்த பிரதி சரியானதா என்று பார்ப்பது அடுத்த படி. ஓடும் நேரத்தை ஒப்பிட்டால் வெட்டப்பட்ட பிரதி தெரிந்துவிடும். பழைய படங்கள் பலவும் ஏறத்தாழ சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை அகலத்திரைக்கு இழுத்துப் பதிவேற்றியிருந்தால் முகங்கள் அகன்று, சக்கரங்கள் முட்டை வடிவத்தில் தெரியும். அப்படிப்பட்ட பிரதியில் ஒளிப்பதிவாளர் வைத்த சட்டகம் இருக்காது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும் பிரதிதான் பெரும்பாலும் நம்பகமானது.

மூன்றாவது, ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சங்கிலி. ‘அக்ரகாரத்தில் கழுதை’யை எடுத்துக்கொண்டால், தாயற்ற கழுதைக் குட்டியை அக்ரகாரத்து வீட்டுக்குக் கொண்டுவரும் பேராசிரியரின் கதை அது, எழுதியவர் வெங்கட் சாமிநாதன், பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். அதிலிருந்து ஒரு வழி, கழுதையின் வாழ்க்கை வழியாக மனிதர்களைப் பார்க்கும் ராபர்ட் பிரெஸ்ஸோனின் 1966-ம் ஆண்டு பிரெஞ்சுப் படமான ‘பல்தஸார்’ வரை போகிறது. இன்னொரு வழி, புனே திரைப்படக் கல்லூரியில் ஜானுக்கு ஆசிரியராக இருந்த ரித்விக் கட்டக்கிடம் போகிறது. கட்டக்கின் மற்ற மாணவர்களான மணி கௌலும் குமார் சஹானியும் அதே வழியில் எதிர்ப்படுவார்கள். ஒரு படம் பிடித்துவிட்டால் அதன் இயக்குநர், ஒளிப்பதிவாளர், மூலக்கதை ஆசிரியர், ஆசான் என்று நான்கு பெயர்களைக் குறித்துக்கொண்டால் பல மாதங்களுக்குப் படம் கிடைக்கும்.

பரிந்துரைக்கும் முறை

பரிந்துரைக்கும்போது பலர் தரவரிசைப் பட்டியலை அப்படியே நீட்டிவிடுகிறார்கள். பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில், 2022-ல் முதலிடம் பெற்றது ஷாந்தால் அகெர்மானின் ‘ழான் தீல்மான்’. ஒரு பெண்ணின் அன்றாட வீட்டுவேலையை மூன்று மணி நேரத்துக்கும் மேலாக, அசையாத கேமராவில் காட்டும் மகத்தான படம். ஆனால், கலைப்படமே பார்த்திராத ஒருவருக்கு இதை முதலில் கொடுத்தால் அவர் இரண்டாவது படத்துக்கு வர மாட்டார். தரம் வேறு, தொடங்கும் இடம் வேறு.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதே பயன் தரும் வழி. களவுபோன பைக்கைத் தேடும் ‘பொல்லாதவன்’ படத்தை ரசித்தவருக்கு, 1948-ல் விட்டோரியோ டி சிகா எடுத்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அந்நியமாக இருக்காது. அதன் நாயகனுக்குக் கிடைத்த வேலை சுவரொட்டி ஒட்டுவது. ஏணியில் நின்று, நடிகை ரீட்டா ஹேவொர்த்தின் சுவரொட்டியைச் சுருக்கமில்லாமல் தடவிக்கொண்டிருக்கும்போதுதான் கீழே சைக்கிள் களவுபோகிறது. சுவரொட்டிக்குப் பேர்போன மதுரையில் அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை.

குடும்பத்தைச் சுமக்கும் மூத்த மகளின் கதையான கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’யைப் பார்த்தவருக்குக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’வைச் சொல்லலாம். 1960-ல் வந்த அந்தப் படத்தின் தொடக்கத்தில் நாயகி நீதாவின் செருப்பு வார் அறுகிறது. முடிவில் வேறொரு பெண்ணுக்கும் அது நேர்கிறது. இதை மட்டும் முன்கூட்டிச் சொன்னால் போதும், படம் எதைப் பற்றியது என்று பார்ப்பவரே கண்டுகொள்வார். பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ படத்து முதியவரிடம் மனம் இளகியவர், இயக்குநர் ஒசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’க்குத் தயாராகிவிட்டார் என்று பொருள். 1953-ல் வந்த அந்தப் படத்தில் கேமரா, தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் இருக்கும்.

ஒரு படத்தை எப்படி எடுத்துச் சொல்வது என்பதற்கு ‘வீடு’ நல்ல எடுத்துக்காட்டு. 1987-ம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய சுதா சொந்தமாக ஒரு வீடு கட்டத் தொடங்குகிறாள் என்ற அளவில் கதையை நிறுத்திக்கொள்ளலாம். கவனிக்கச் சொல்ல வேண்டியது ஒரே காட்சி: தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர், குடையும் கையுமாகப் பேருந்து ஏறி, பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாகப் போகிறார். பூசாத சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அறை அறையாக நடக்கிறார். வசனமே இல்லை. இளையராஜா தன் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துத் தந்த இசை மட்டும் உடன் வருகிறது. இந்தக் காட்சிக்காகக் காத்திருக்கும் பார்வையாளர் படத்தின் நிதானத்தைத் தொய்வாக எண்ண மாட்டார். மெதுவாக நகரும், ஆனால் அருமையான படம் என்று பொதுவாகச் சொல்வதைவிட, ஒரு காட்சியைச் சுட்டிக்காட்டுவது பல மடங்கு பலன் தரும்.

மொழித் தடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். உலகப் படங்களுக்குத் தமிழில் துணையெழுத்து கிடைப்பது அரிது. வேகமாக ஆங்கிலம் வாசிக்கப் பழகாதவருக்கு வசனம் குறைந்த படங்களே ஏற்ற தொடக்கம். அல்பேர் லமோரிஸ் 1956-ல் எடுத்த ‘ரெட் பலூன்’ அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். பேச்சு மிகக் குறைவு. சிறுவர்களோடு சேர்ந்தே பார்க்கலாம். மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’, கிம் கி-டுக்கின் ‘ஸ்பிரிங், சம்மர், ஃபால், விண்டர்... அண்ட் ஸ்பிரிங்’ இரண்டும் அதற்கு அடுத்த படிகள்.

நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு படம் பார்ப்பது இன்னும் நல்லது. கைபேசித் திரையில் நின்று நகரும் காட்சிகளின் நுணுக்கம் தெரியாது. யாராவது ஒருவர் வீட்டுத் தொலைக்காட்சியில், விளக்கை அணைத்து, இடையில் நிறுத்தாமல் பார்க்க வேண்டும். முடிந்த பிறகு அரை மணி நேரம் பேசினால், சங்கங்கள் செய்த அதே வேலை வீட்டுக்குள் நடந்துவிடும்.

தேடல் ஏன் தேவை

கேட்பார் இல்லாத படம் அழிந்துபோகும். தன் ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களின் நெகட்டிவே இல்லாமல் போய்விட்டதைப் பாலு மகேந்திரா தன் கடைசி ஆண்டுகளில் வேதனையோடு பதிவு செய்தார். மறுபுறம், மீட்பு நடந்த படங்களும் உண்டு. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உதய் சங்கர் எடுத்து 1948-ல் வெளியான ‘கல்பனா’, உலக சினிமா அறக்கட்டளையால் மீட்கப்பட்டு 2012-ல் கான் விழாவில் திரையிடப்பட்டது. ஜி. அரவிந்தனின் மலையாளப் படங்களான ‘கும்மாட்டி’யும் ‘தம்பு’ம் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனின் முயற்சியில் புதுப் பொலிவு பெற்றன.

ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’, மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’, ஹரிஹரனின் ‘ஏழாவது மனிதன்’, யாழ்ப்பாணத்துக் கதையைச் சொன்ன தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ ஆகியவையும் நல்ல பிரதிகளில் நிலைத்திருக்க வேண்டியவை. உரிமம் வாங்குவதா, மீட்புக்குச் செலவிடுவதா என்று சேவைகளும் காப்பகங்களும் முடிவெடுக்கும்போது, பார்க்க ஆள் இருக்கிறார்களா என்பதும் ஒரு கேள்வியாகிறது. பெயர் சொல்லித் தேடுவது, முழுதாகப் பார்ப்பது, பொருத்தமான ஒருவருக்குப் பொருத்தமான படத்தைச் சொல்வது ஆகிய மூன்றும் அந்தக் கேள்விக்குப் பார்வையாளர் தரக்கூடிய பதில்கள்.

(தொடரும்)