குழிக்குள் ஒரு குடில்



நான் சரித்திரம் கற்பித்து வந்த நாளில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, ஹங்கேரியின் இஸ்த்வான் மன்னன் கோயில்கள் எழுப்பினான் என்கிறீர்கள், அவனுடைய குடிமக்கள் எங்கே உறங்கினார்கள்?" என்று கேட்டான். "கூடாரங்களில்" என்று சட்டென விடை கூறிவிட்டேன். அவ்விடையில் பாதியே உண்மை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மகியார் எனப்படும் குதிரைவீரக் குடியினர், கார்பேதிய மலைகள் சூழ்ந்த அந்நாட்டில் 895-ஆம் ஆண்டையொட்டிக் குடியேறினர். 1147-இல் சிலுவைப் போருக்குச் செல்லும் வழியில் அதனைக் கடந்த ஓட்டோ என்னும் ஜெர்மானிய ஆயர், அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் நாணலால் ஆனவை என்றும், மரவீடு அரிது, கல்வீடு அதனினும் அரிது என்றும், கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மக்கள் கூடாரங்களில் வசித்தனர் என்றும் எழுதிவைத்தார். என் விடைக்கு ஆதாரம் இக்குறிப்பே. அப்படியாயின், பனி பெய்யும் மாதங்களில் அவர்கள் என் செய்தனர்? நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

மண் அதற்கு விடை வைத்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இஸ்த்வான் மேரி என்னும் ஆய்வாளர் (மன்னனின் பெயரே இவருக்கும்!) திசாலோக், கர்தோஷ்கூத் முதலிய இடங்களில் அகழ்ந்து, அக்காலச் சிற்றூர்களை வெளிக்கொணர்ந்தார். வீடு என்பது ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள ஒரு குழி. ஆழம் முழங்கால் முதல் இடுப்பு வரை. இரு முனைகளிலும் கவைக்கால் நட்டு, அவற்றின்மேல் முகட்டு வளையை ஏற்றி, நாணலோ வைக்கோலோ வேய்ந்தனர். கூரையின் சரிவு ஏறக்குறையத் தரையைத் தொட்டது. மூலையில் கல்லாலோ களிமண்ணாலோ ஆன அடுப்பு, புகைபோக்கி இல்லை. கண் எரிந்திருக்கும், ஆயினும் மண்சுவர் குளிர்காற்றைத் தடுத்தது, அடுப்பின் வெம்மையைக் காத்தது. இதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வெளியே ரொட்டி சுடும் அடுப்புகளும், தானியக் குழிகளும் இருந்தன.

கால்கள் மட்கினால் வேறிடத்தில் புதுக்குழி தோண்டுவது எளிது. ஊரே பெயர்ந்து செல்வதும் உண்டு. பத்து ஊர்கள் சேர்ந்து ஒரு கோயில் கட்ட வேண்டும் என இஸ்த்வான் விதித்தான். கோயிலை விட்டு அகன்ற ஊராரைத் திரும்பி வரச் செய்யவேண்டும் எனப் பின்வந்த லாஸ்லோ மன்னன் சட்டம் இயற்றினான். மக்கள் பெயராதிருந்தால் இச்சட்டத்துக்குத் தேவை ஏது?

கைவிட்ட குழிகளில் சாம்பலும் எலும்பும் உடைந்த பானையோடுகளும் வந்து நிறைந்தன. வெளிர்மண்ணிடையே கருநிறச் சதுரமாய்த் தெரியும் அந்நிரப்பைக் கொண்டுதான் அகழ்வோர் வீட்டை அடையாளம் காண்கின்றனர். ஓடுகளைக் கொண்டு அதன் காலத்தைக் கணிக்கின்றனர்.