தந்தையின் பெயரில் கட்சி. தனயனுக்குப் பின் யார்?

ஒடிசாவில் 2024 ஜூன் 4-ம் தேதி வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டபோது கிடைத்த கணக்கு விசித்திரமானது. சட்டப்பேரவைத் தேர்தலில் பிஜு ஜனதா தளம் பெற்ற வாக்குகள் 40.22 சதவீதம், பாஜக பெற்றவை 40.07 சதவீதம். ஆனால் 147 இடங்களில் பாஜக வென்றவை 78. பிஜு ஜனதா தளத்துக்குக் கிடைத்தவை 51 மட்டுமே. மக்களவையின் 21 தொகுதிகளில் ஒன்றுகூட அக்கட்சிக்குக் கிடைக்கவில்லை. 24 ஆண்டுகளுக்கும் மேலாக முதல்வராக இருந்த நவீன் பட்நாயக், தாம் போட்டியிட்ட இரு தொகுதிகளில் ஒன்றான காண்டாபாஞ்சியில் 16,344 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். 2000-ம் ஆண்டு முதல் தொடர்ந்து வென்றுவந்த ஹிஞ்சிலியில் 4,636 வாக்குகள் வித்தியாசத்தில்தான் அவரால் கரையேற முடிந்தது.

சிக்கிமின் பவன் குமார் சாம்லிங்குக்கு அடுத்தபடியாக நாட்டில் மிக நீண்ட காலம் முதல்வர் பதவி வகித்தவர் நவீன். இன்னும் மூன்று மாதங்கள் பதவியில் நீடித்திருந்தால் சாம்லிங்கின் சாதனையையும் கடந்திருப்பார். அவரது ஆட்சி மீது மக்களுக்கு இருந்த சலிப்பு மட்டுமே இந்தத் தோல்விக்குக் காரணமல்ல. "நவீனுக்குப் பின் யார்?" என்ற கேள்விக்குக் கால் நூற்றாண்டாக அவர் விடையளிக்கவே இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் எதிரணி தனது ஆயுதமாக்கிக் கொண்டது.

பிஜு என்ற பெயர்

நவீனின் தந்தை பிஜு பட்நாயக், விமானியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1947-ல் டச்சுப் படைகளின் முற்றுகைக்கு உள்ளாகியிருந்த இந்தோனேசியாவுக்கு விமானம் ஓட்டிச் சென்று, அந்நாட்டின் தலைவர் சுதான் ஷாரிரை வெளியே கொண்டுவந்ததற்காக இன்றும் அங்கு நினைவுகூரப்படுபவர். 1961-ல் காங்கிரஸ் முதல்வரானார். 1963-ல் காமராஜர் திட்டத்தின்படி பதவியைத் துறந்த முதல்வர்களில் அவரும் ஒருவர். பின்னர் காங்கிரஸை விட்டு விலகினார்; நெருக்கடி நிலையின்போது சிறை சென்றார்; ஜனதா ஆட்சியில் மத்திய உருக்குத் துறை அமைச்சரானார். 1990 தேர்தலில் ஜனதா தளத்துக்கு 123 இடங்களைப் பெற்றுத் தந்து மீண்டும் முதல்வரானார்.

இவ்வளவு பெரிய அரசியல் வாழ்க்கையில் அவர் செய்யாத ஒன்று, பிள்ளைகளை அரசியலுக்குத் தயார் செய்வது. மூத்த மகன் பிரேம் தொழிலதிபர். மகள் கீதா மேத்தா ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்றவர். 1946-ல் கட்டாக்கில் பிறந்த இளைய மகன் நவீன், டேராடூனில் பயின்று, தில்லியில் கலை, பாரம்பரியப் பாதுகாப்பு, நூல்கள் என்று வாழ்ந்து வந்தார். பிகானீர் அரச குடும்பம், இந்திய மூலிகைகள் ஆகியவை குறித்து அவர் எழுதிய நூல்கள் வெளிநாட்டிலும் வெளியாயின. ஐம்பது வயது வரை ஒடிசா அரசியலின் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததில்லை.

1997 ஏப்ரலில் பிஜு காலமானார். அவர் வகித்துவந்த அஸ்கா மக்களவைத் தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலில் நவீன் நிறுத்தப்பட்டு வென்றார். அவ்வாண்டு டிசம்பரில் ஜனதா தளத்தின் ஒடிசாப் பிரிவு உடைந்து, பிஜுவின் பெயரிலேயே புதிய கட்சி பிறந்தது. பாஜகவுடன் கூட்டணி ஏற்பட்டது. வாஜ்பாய் அமைச்சரவையில் நவீனுக்கு உருக்கு மற்றும் சுரங்கத் துறை கிடைத்தது. மூத்த தலைவர்களுக்குத் தேவைப்பட்டது பிஜுவின் பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய மகன் தங்கள் சொல்படி நடப்பார் என்றே அவர்கள் கணக்கிட்டனர்.

அந்தக் கணக்கு விரைவிலேயே பொய்த்தது. 2000 சட்டப்பேரவைத் தேர்தலில், கட்சியில் செல்வாக்குமிக்கவராக இருந்த விஜய் மகாபாத்ராவுக்கு வேட்புமனு தாக்கல் முடியும் தறுவாயில் வாய்ப்பு மறுக்கப்பட்டு, அவர் வெளியேற்றப்பட்டார். அத்தேர்தலில் கூட்டணி 106 இடங்களை வென்றது. தந்தையின் பிறந்த நாளான மார்ச் 5-ம் தேதி நவீன் முதல்வராகப் பதவியேற்றார். பின்னர் ஊழல் புகாருக்கு ஆளான அமைச்சர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டனர். மக்களிடையே இது அவருக்கு நேர்மையாளர் என்ற பெயரைத் தேடித் தந்தது. அதே நேரத்தில், கட்சியில் தனித்துத் தலைதூக்கக் கூடிய எவரும் மிஞ்சவில்லை.

மொழி தடையாகவில்லை

முதல்வராக வந்தவருக்கு ஒடியா மொழி சரளமாகப் பேச வராது. ரோமன் எழுத்தில் எழுதித் தரப்பட்ட உரைகளைத்தான் மேடைகளில் படித்தார். மொழி வழியில் பிறந்த முதல் மாநிலங்களுள் ஒன்றான ஒடிசாவில் இது பெரும் குறையாகப் பேசப்பட்டிருக்க வேண்டும். எதிர்க்கட்சிகள் பேசியும் பார்த்தன, எடுபடவில்லை. பிஜுவின் மகன் என்ற உறவு, மொழியின் குறையை நிரப்பியது. திருமணம் செய்துகொள்ளாதவர், சொத்து சேர்க்க எவரும் இல்லாதவர் என்ற எண்ணமும் அவருக்குத் துணை நின்றது.

1999 அக்டோபரில் வீசிய பெரும் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்ட மாநிலத்தின் பொறுப்பை அவர் ஏற்றார். அப்புயலை அடுத்துத் தொடங்கப்பட்ட பேரிடர் ஆணையத்தை அவரது அரசு தொடர்ந்து வலுப்படுத்தியது. 2013-ல் பைலின் புயலின்போது சுமார் 10 லட்சம் பேரும், 2019-ல் பானி புயலின்போது சுமார் 12 லட்சம் பேரும் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். இரு புயல்களிலும் உயிரிழப்பு நூறைத் தொடவில்லை. ஐ.நா. அமைப்புகளும் இதைப் பாராட்டின. கிலோ ஒரு ரூபாய் அரிசி, 'மிஷன் சக்தி' மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆகியவை கிராமப்புறங்களில் கட்சிக்கு அடித்தளமாயின. 2019 மக்களவைத் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு வேட்பாளர்களாகப் பெண்களை நிறுத்தி, அவர்களில் ஐவரை வெற்றிபெறச் செய்தது அக்கட்சி.

மறுபக்கமும் உண்டு. கலிங்கநகர் உருக்காலைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த பழங்குடியினர் மீது 2006 ஜனவரி 2-ம் தேதி போலீஸார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். 2008-ல் கந்தமால் மாவட்டத்தில் கிறிஸ்தவர்களுக்கு எதிராக நடந்த வன்முறையை அரசு உரிய நேரத்தில் தடுக்கத் தவறியது. நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கத்துக்கு அரசு ஆதரவாக நின்றது. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2013-ல் கூடிய 12 கிராம சபைகளும் அதை நிராகரித்தன. சுரங்க முறைகேடுகள், சீட்டு நிறுவன மோசடிகள் ஆகியவற்றில் ஆளுங்கட்சியினர் மீதும் புகார்கள் எழுந்தன. ஆனால் இவற்றில் எதுவும் முதல்வரின் தனிப்பட்ட பெயரைக் கெடுக்கவில்லை. தவறு நடந்தால் அமைச்சரோ அதிகாரியோ பொறுப்பு. நல்லது நடந்தால் நவீன் காரணம் என்றே மக்கள் பிரித்துப் பார்த்தனர்.

தில்லியில் சம தூரம்

கந்தமால் வன்முறைக்குப்பின் 2009 மார்ச்சில் பாஜகவுடனான உறவை நவீன் முறித்துக்கொண்டார். அவ்வாண்டு தேர்தலில் தனித்து நின்று 103 இடங்களையும், 2014-ல் 117 இடங்களையும், 2019-ல் 112 இடங்களையும் அவரது கட்சி வென்றது. காங்கிரஸ், பாஜக இரண்டுக்கும் சம தூரம் என்பதே கட்சியின் அறிவிக்கப்பட்ட கொள்கையாயிற்று.

நாடாளுமன்றத்தில் அந்தத் தூரம் சமமாக இருந்ததாகக் கூற முடியாது. 2017, 2022 குடியரசுத் தலைவர் தேர்தல்களில் தேசிய ஜனநாயகக் கூட்டணியின் வேட்பாளர்களை அக்கட்சி ஆதரித்தது. 2022-ல் வேட்பாளராக நின்ற திரௌபதி முர்மு ஒடிசாவின் மகள் என்பது தனிக் காரணம். 370-வது பிரிவு தொடர்பான மசோதா, குடியுரிமைத் திருத்த மசோதா, 2023-ல் தில்லி அரசின் அதிகாரங்களைக் குறைத்த மசோதா ஆகிய மூன்றிலும் மாநிலங்களவையில் பிஜு ஜனதா தளத்தின் வாக்குகள் அரசுக்குக் கைகொடுத்தன. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2019-லும் 2024-லும் ஒடிசாவிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானது பிஜு ஜனதா தளத்தின் ஆதரவோடுதான்.

மாநிலத்தின் நலனுக்காக மத்திய அரசுடன் மோதலைத் தவிர்ப்பதாக அக்கட்சி இதற்கு விளக்கம் கூறியது. ஆனால் ஒடிசாவில் காங்கிரஸ் தேய்ந்து பாஜக பிரதான எதிர்க்கட்சியாக வளர்ந்த காலமும் இதுதான். 2014-ல் 10 இடங்களாக இருந்த பாஜகவின் பலம் 2019-ல் 23 ஆயிற்று. 2024 மார்ச்சில் மீண்டும் கூட்டணிக்கு நடந்த பேச்சு முறிந்தபோது, தில்லியில் நண்பனாக இருந்த கட்சியை ஒடிசாவில் எதிரியாகக் காட்ட நவீனிடம் போதிய அவகாசமும் இல்லை; வாதமும் இல்லை.

அதிகாரிகள் நிரப்பிய இடம்

கட்சியில் இரண்டாம் நிலைத் தலைவர்கள் வளராத இடத்தை அதிகாரிகள் நிரப்பினர். முதலில் வந்தவர், பிஜுவிடம் செயலராகப் பணியாற்றிய ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி பியாரி மோகன் மகாபாத்ரா. வேட்பாளர் தேர்வு முதல் அமைச்சரவை வரை அவரது கை ஓங்கியிருந்தது. 2012 மே மாதம் நவீன் லண்டனில் இருந்தபோது ஆட்சியைக் கைப்பற்ற முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு அவர் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார்.

அடுத்து வந்தவர் தமிழரான வி.கே. பாண்டியன். மதுரை மாவட்டத்தில் பிறந்து, 2000-ம் ஆண்டு ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து, ஒடிசாவைச் சேர்ந்த சக அதிகாரியை மணந்து அம்மாநிலப் பிரிவுக்கு மாறியவர். நவீனின் சொந்தத் தொகுதி அடங்கிய கஞ்சம் மாவட்டத்தின் ஆட்சியராக நற்பெயர் பெற்று, 2011-ல் முதல்வரின் தனிச் செயலரானார். 2023-ல் ஹெலிகாப்டரில் மாவட்டந்தோறும் சென்று மக்களிடம் மனுக்கள் பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் விருப்ப ஓய்வு பெற்று, அமைச்சருக்கு இணையான பொறுப்பையும், நவம்பரில் கட்சி உறுப்பினர் அட்டையையும் பெற்றார். 2024 தேர்தலில் நவீனுக்கு அடுத்தபடியாக அதிக மேடைகளில் ஏறியவர் அவரே.

பாஜகவின் பிரசாரம் முழுவதும் இந்த ஒரே இடத்தைக் குறிவைத்தது. ஒடியா மொழி, பண்பாடு, பெருமை ஆகியவற்றைக் காக்க மண்ணின் மைந்தரே முதல்வராக வேண்டும் என்று அக்கட்சித் தலைவர்கள் முழங்கினர். புரி ஜெகந்நாதர் ஆலயக் கருவூலத்தின் சாவி 2018-ல் காணாமல் போனது. அது தமிழகத்துக்குப் போய்விட்டதாக மே மாதப் பிரசாரத்தில் பிரதமர் மோடியே பேசியதும், தமிழர்களை இழிவுபடுத்துவதாகத் தமிழக முதல்வர் ஸ்டாலின் கண்டித்ததும் நினைவிருக்கும். நவீனின் உடல்நலம் குன்றியதன் பின்னணியில் சதி உண்டா என்று விசாரிக்கக் குழு அமைக்கப்படும் என்றும் பிரதமர் அறிவித்தார்.

ஒடியா பேசத் தெரியாத பிஜுவின் மகனை 24 ஆண்டுகள் சொந்தமாகக் கருதிய மாநிலத்தில், ஒடியா நன்கு பேசிய பாண்டியன் அந்நியராக்கப்பட்டார். இதில் பாஜகவின் பிரசார உத்திக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அப்பிரசாரம் பலிப்பதற்கு நவீனின் மௌனமும் காரணம். பாண்டியன் தமது வாரிசு அல்ல என்று அவர் முன்னரே கூறியிருந்தார். யார் வாரிசு என்பதைக் கூறவில்லை. தோல்விக்குப்பின் ஜூன் 8-ம் தேதி அதையே மீண்டும் கூறினார். மறுநாள் பாண்டியன் தீவிர அரசியலிலிருந்து விலகினார்.

விடை தெரியாத கேள்வி

தோல்வியை நவீன் ஏற்ற விதம் கண்ணியமானது. ஜூன் 12-ம் தேதி மோகன் மாஜியின் பதவியேற்பு விழாவில் கலந்துகொண்டார். காண்டாபாஞ்சியில் தம்மைத் தோற்கடித்த லட்சுமண் பாக்கைப் பேரவையில் கண்டபோது வாழ்த்துக் கூறினார். எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பையும் ஏற்றார்.

ஆனால் கட்சி கரையத் தொடங்கியது. மாநிலங்களவையில் 9 பேரில் இருவர் 2024-லேயே விலகி பாஜகவில் சேர்ந்தனர். 2025 ஏப்ரலில் வக்பு திருத்த மசோதா வாக்கெடுப்பில், எதிர்ப்பதாக முன்னர் அறிவித்த கட்சி, கடைசி நேரத்தில் உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று கூறியது. முடிவை எடுத்தவர் யார் என்று கட்சியின் மூத்தவர்களே பகிரங்கமாகக் கேட்டனர். அதே மாதத்தில் நவீன் ஒன்பதாவது முறையாகக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2025 நவம்பரில் நுவாபாடா இடைத்தேர்தலில், மறைந்த பிஜு ஜனதா தள உறுப்பினரின் மகனை பாஜக தன் வேட்பாளராக்கி வென்றது. அத்தொகுதியை வைத்திருந்த பிஜு ஜனதா தளம் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. தந்தையின் பெயருக்குள்ள செல்வாக்கை வைத்துப் பிறந்த கட்சி, அதே செல்வாக்கு எதிரணிக்குப் போனதால் ஒரு தொகுதியை இழந்தது.

முலாயம் சிங்கும் லாலு பிரசாத்தும் மகன்களை முன்னிறுத்தியதற்காக விமர்சிக்கப்பட்டனர். அதே காரணத்தால் அவர்களது கட்சிகளில் அடுத்து யார் என்ற குழப்பம் பெரிதாக எழவில்லை. குடும்பத்தை ஒதுக்கிவைத்த நவீன் அந்த விமர்சனத்திலிருந்து தப்பினார். குடும்பத்துக்கு மாற்றாகக் கட்சிக்குள் ஜனநாயக முறையில் தலைவர்கள் உருவாக வழி செய்திருந்தால், குடும்ப அரசியலுக்கு அவர் முன்னுதாரணமான விடையாக விளங்கியிருப்பார். அதற்கு மாறாக, வாரிசும் இல்லை. வாரிசைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இல்லை என்ற நிலையில் கட்சியை நிறுத்திவிட்டார்.

2024-ல் ஒடிசாவில் பத்தில் நான்கு வாக்காளர்கள் சங்குச் சின்னத்துக்கு வாக்களித்தனர். மாநிலக் கட்சி ஒன்று தேவை என்று அவர்கள் கருதுவதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. அந்த வாக்குகள் பிஜுவின் பெயருக்காகவும் நவீனின் முகத்துக்காகவும் மட்டுமே விழுந்தவையா, அல்லது ஒரு கட்சிக்காக விழுந்தவையா என்பதை, நவீன் தலைமை தாங்காத முதல் தேர்தல்தான் தீர்மானிக்கும்.